வாரம் 600 டாலர் பிறந்த கதை

1934. பெருமந்தம் அமெரிக்காவைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்த காலம். வாஷிங்டனில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஹார்லன் ஸ்டோனின் வீட்டில் ஒரு தேநீர் விருந்து நடந்தது. வந்திருந்தவர்களில் ஒருவர் ஃபிரான்சிஸ் பெர்கின்ஸ். அதிபர் ரூஸ்வெல்ட்டின் தொழிலாளர் துறை அமைச்சர்; அந்நாட்டு அமைச்சரவையில் அமர்ந்த முதல் பெண்மணி. வேலை பறிபோனவர் வீட்டில் அடுப்பு எரிய வாராவாரம் கொஞ்சம் பணம் கிடைக்க வேண்டும், அதற்கு ஒரு சட்டம் வேண்டும். அந்தப் பொறுப்பு அவர் தலையில் இருந்தது. சட்டத்தை எழுதிவிடலாம். எழுதியதை உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தூக்கி எறிந்துவிட்டால் என்ன செய்வது? அந்தக் கவலைதான் அவரை அரித்துக்கொண்டிருந்தது. வேலையெல்லாம் எப்படிப் போகிறது என்று ஸ்டோன் பேச்சுவாக்கில் கேட்டபோது, பெர்கின்ஸ் மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டார். நீதிபதி அக்கம்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

வரி விதிக்கும் அதிகாரம் மத்திய அரசிடம் இருக்கிறது, அது ஒன்றே போதும் என்றார் ஸ்டோன். பெர்கின்ஸ் பின்னாளில் பல மேடைகளில் ரசித்துச் சொன்ன நிகழ்ச்சி இது. இதே சூட்சுமம் இன்னொரு வாசல் வழியாகவும் அரசுக்கு வந்திருந்தது. உச்ச நீதிமன்றத்தின் மற்றொரு நீதிபதி லூயிஸ் பிராண்டைஸ். அவருடைய மகள் எலிசபெத்தும் மருமகன் பால் ராஷன்புஷும் விஸ்கான்சின் மாநிலத்தில் இருந்தார்கள். 1932 ஜனவரியில் நாட்டிலேயே முதல் வேலையின்மைக் காப்பீட்டுச் சட்டத்தை அந்த மாநிலம் இயற்றியதில் இருவருக்கும் பெரும் பங்கு உண்டு. நாடு முழுவதற்கும் வழி தேடிய அவர்களுக்குப் பிராண்டைஸ் ஒரு பழைய வழக்கைச் சுட்டிக்காட்டினார். முதலாளிகள் மீது மத்திய அரசு ஒரு வரி போடட்டும். எந்த மாநிலம் சொந்தமாகக் காப்பீட்டுத் திட்டம் வைத்திருக்கிறதோ, அந்த மாநில முதலாளிகளுக்கு வரியில் பெரும்பகுதியைக் கழித்துக்கொடுக்கட்டும். மத்திய அரசு யாரையும் கட்டாயப்படுத்தியதாகாது. ஆனால் திட்டம் கொண்டுவராத மாநிலத்துக்குத்தான் நஷ்டம். வழி கிடைத்துவிட்டது. கூடவே ஒரு பெரிய கேள்வியும் எழுந்தது.

பணத்தை யார் கொடுப்பது? வாஷிங்டனே நேரடியாகவா, மாநிலங்களா? பெர்கின்ஸ் தலைமையிலான குழு மாதக்கணக்கில் விவாதித்தது. நாடு முழுவதும் ஒரே திட்டம், ஒரே அளவு என்பதற்கு ஆதரவாகப் பேசியவர்கள் குறைவில்லை. கடைசியில் பயம்தான் ஜெயித்தது. மத்தியச் சட்டம் நீதிமன்றத்தில் வீழ்ந்தாலும் மாநிலச் சட்டங்களாவது மிஞ்சும் என்று கணக்குப் போட்டார்கள். 1935 ஆகஸ்ட் 14 அன்று ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில், வேலையின்மைக் காப்பீடு மாநிலங்களின் கையில் ஒப்படைக்கப்பட்டது. எவ்வளவு கொடுப்பது, எத்தனை வாரம் கொடுப்பது, யாருக்குத் தகுதி, எல்லாமே அந்தந்த மாநிலத்தின் விருப்பம். விவசாயக் கூலிகளும் வீட்டு வேலை செய்பவர்களும் மத்திய வரியின் வளையத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். அந்தத் தவறின் சுமை தென் மாநிலக் கறுப்பினத்தவர் மீதுதான் மிகுதியாக விழுந்தது. 1936 ஆகஸ்டில் விஸ்கான்சினின் மேடிசன் நகரில் நாட்டின் முதல் வேலையின்மைக் காசோலை எழுதப்பட்டது. தொகை 15 டாலர். அடுத்த ஆண்டு நடுவதற்குள் 48 மாநிலங்களும் சட்டம் இயற்றி முடித்தன. ஆனால் அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, எல்லோரும் பயந்துகொண்டிருந்த அந்தத் தீர்ப்பு வந்துவிட்டது.

1937 மே 24. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் வேலையின்மைக் காப்பீட்டை ஏற்றது. திருப்பம் அதில் இல்லை. அதே நாளில், முழுக்க முழுக்க மத்திய அரசே நடத்தும் முதியோர் ஓய்வூதியத் திட்டத்தையும் அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது, அதுவும் ஏழுக்கு இரண்டு என்ற இன்னும் தெளிவான பெரும்பான்மையில். எந்தப் பயத்துக்காகத் திட்டத்தைத் துண்டு துண்டாக்கினார்களோ, அந்தப் பயத்துக்கு அவசியமே இல்லாமல் போயிற்று. ஆனால் காலம் கடந்துவிட்டது. ஆளுக்கொரு சட்டம், ஆளுக்கொரு அலுவலகம், ஆளுக்கொரு கணக்குமுறை என்று மாநிலங்கள் வேரூன்றிவிட்டன. அந்தத் துண்டுகளை இனி யாராலும் ஒட்டவைக்க முடியவில்லை. போதாததற்கு, ஒவ்வொரு துண்டுக்குள்ளும் ஒரு இயந்திரம் வந்து உட்காரப் போகிறது.

1959 மே மாதம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தலைமையகமான பென்டகனில் கணினி வல்லுநர்கள் கூடினார்கள். எந்த நிறுவனத்தின் கணினியிலும் ஓடக்கூடிய, அலுவலகக் கணக்குகளுக்கென்றே ஆன ஒரு நிரல்மொழி வேண்டும் என்பது கூட்டத்தின் நோக்கம். கிரேஸ் ஹாப்பர் ஏற்கெனவே உருவாக்கியிருந்த மொழி அதற்கு அடித்தளமாக அமைந்தது. அடுத்த ஆண்டு வெளிவந்த அந்த மொழிக்குக் கோபோல் என்று பெயர். வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், அரசு அலுவலகங்கள் என எங்கும் பரவிற்று. மாநில வேலையின்மை அலுவலகங்களும் 1970கள், 80களில் தங்கள் விதிமுறைகளைக் கோபோலில் எழுதி மெயின்பிரேம் என்ற பெரிய கணினிகளில் ஏற்றின. எழுதியவர்கள் ஓய்வு பெற்றார்கள். நிரல் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. 2000 பிறந்ததும் கணினிகள் ஆண்டைக் குழப்பிக்கொள்ளும் என்ற ஒய்2கே பீதி எழுந்த 1990களின் கடைசியில், கோபோல் கற்றுக்கொண்டு சென்னையிலிருந்து விமானம் ஏறிய இளைஞர்கள் பலருக்கு இந்த மெயின்பிரேம்கள் பழக்கமானவை. அந்தப் பீதி அடங்கியதும் அந்த மொழியை எல்லோரும் மறந்தார்கள். ஆனால் மாநிலங்கள் அதை மாற்ற மறந்துவிட்டதை யாரும் கவனிக்கவில்லை.

கவனித்திருக்க ஒரு சந்தர்ப்பம் வந்தது. 2008இல் நிதிச் சந்தை சரிந்து லட்சக்கணக்கானோர் வேலையிழந்தபோது, 2009 பிப்ரவரியில் நிறைவேறிய நிவாரணச் சட்டம் வேலையின்மை உதவி பெறும் ஒவ்வொருவருக்கும் வாரம் 25 டாலர் கூடுதலாகக் கொடுத்தது. கொஞ்சம் சம்பாதித்தவருக்கும் 25, நிறையச் சம்பாதித்தவருக்கும் 25. ஏன் எல்லோருக்கும் ஒரே தொகை என்று அப்போது பெரிதாக விவாதம் எழவில்லை; தொகை சிறியது. பிறகு நல்ல காலம் வந்தது. 2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் வேலையின்மை 3.5 சதவீதம், அரை நூற்றாண்டில் இல்லாத குறைவு. விண்ணப்பங்கள் குறைந்தால் மாநில அலுவலகங்களுக்கு வாஷிங்டன் அனுப்பும் நிர்வாகச் செலவுப் பணமும் குறையும் என்பது விதி. ஆட்கள் குறைந்தார்கள், இயந்திரங்கள் பழையபடியே கிடந்தன. அந்த நேரத்தில்தான் கொரோனா வந்தது.

மார்ச் நடுவில் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவுகள் அடைபட்டன. உணவகங்கள், திரையரங்குகள், விடுதிகள், நெவாடாவின் சூதாட்டக் கூடங்கள். இந்த முறை மக்களை வேலைக்குப் போகாதே என்று தடுத்தது அரசே. வீட்டுக்குள் இருங்கள் என்று சொன்ன கை, வாடகைக்கும் மளிகைக்கும் பணம் தர வேண்டாமா? நாடாளுமன்றத்தின் தொலைபேசிகள் ஓயாமல் அடித்தன. தொழிற்சங்கங்கள், மேயர்கள், மாநில ஆளுநர்கள், வலதுசாரி இடதுசாரி பேதமில்லாமல் பொருளாதார அறிஞர்கள் என எல்லோரும் ஒரே குரலில் வற்புறுத்தினார்கள்: பெரிதாகக் கொடுங்கள், சீக்கிரம் கொடுங்கள். ஜனநாயகக் கட்சியினரிடம் ஒரு திட்டம் இருந்தது. ஓரிகன் செனட்டர் ரான் வைடன் முன்னின்று பேசினார். வேலையிழந்தவருக்கு அவர் வாங்கிய சம்பளத்தை அப்படியே முழுதாகக் கொடுத்துவிடுவோம்; கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். நியாயமான, யாரும் குறை சொல்ல முடியாத யோசனை. அதற்குத் தடை ஒரு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது.

தடை போட்டவர் தொழிலாளர் துறை அமைச்சர் யூஜின் ஸ்காலியா. பெர்கின்ஸ் 86 ஆண்டுகளுக்கு முன் வகித்த அதே பதவி; அமைச்சகக் கட்டடத்துக்கே பெர்கின்ஸின் பெயர்தான். மாநிலங்களின் கணினிகளால் இது முடியாது என்றார் ஸ்காலியா. அவர் சொன்னது உண்மை. 50 மாநிலங்களோடு தலைநகரையும் போர்ட்டோ ரிக்கோவையும் வர்ஜின் தீவுகளையும் சேர்த்தால் 53 தனித்தனித் திட்டங்கள். ஃபுளோரிடாவில் உச்ச வரம்பு வாரம் 275 டாலர், மாசசூசெட்ஸில் 800க்கும் மேல். ஒவ்வொரு கணினியிலும் ஒவ்வொரு சூத்திரம், அதுவும் பல இடங்களில் தொட்டால் எது உடையுமோ என்று அஞ்ச வேண்டிய பழைய கோபோல். ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவரவர் சம்பளத்தைப் பார்த்து வித்தியாசத்தைக் கணக்கிட்டுக் கொடுக்கும்படி அவற்றை மாற்ற மாதங்கள் பிடிக்கும். மக்களிடம் மாதங்கள் இல்லை. அந்த இயந்திரங்களுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வித்தைதான்: எல்லோருடைய தொகையோடும் ஒரே எண்ணைக் கூட்டுவது. 2009இல் 25 டாலரைக் கூட்டியதுபோல. அப்படியானால் எந்த எண்?

சராசரித் தொழிலாளியின் வாரச் சம்பளம் ஏறக்குறைய 970 டாலர். வேலையின்மை உதவி சராசரியாக ஏறக்குறைய 370 டாலர். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தார்கள்.

600. அந்த ஆண்டு முழுவதும் கட்சி மேடைகளிலும் தொலைக்காட்சியிலும் மளிகைக்கடை வரிசைகளிலும் பேசப்பட்ட, தாராளம் என்று சிலரும் சோம்பேறித்தனத்துக்குக் கூலி என்று சிலரும் சண்டையிட்ட அந்த வாராந்தர 600 டாலர், இப்படி ஒரு கழித்தல் கணக்கில் பிறந்தது. பிறந்துவிட்டதே தவிர, பிழைக்குமா என்பது தெரியவில்லை.

மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை. கென்டக்கி செனட்டர் ராண்ட் பாலுக்குக் கொரோனா உறுதியானது. அவரோடு பழகிய செனட்டர்கள் மிட் ராம்னியும் மைக் லீயும் தனிமைக்குப் போனார்கள். ஏற்கெனவே வேறு இரண்டு குடியரசுக் கட்சி செனட்டர்கள் தனிமையில் இருந்தார்கள். அன்று மாலை நிவாரண மசோதாவை விவாதத்துக்கு எடுக்க 60 வாக்குகள் தேவைப்பட்டன. விழுந்தவை 47க்கு 47. பெருநிறுவனங்களுக்கான 50,000 கோடி டாலர் நிதிக்குக் கண்காணிப்பு போதவில்லை, தொழிலாளர்களுக்குக் கொடுப்பது போதவில்லை என்று ஜனநாயகக் கட்சியினர் முட்டுக்கட்டை போட்டார்கள். திங்கட்கிழமை மறுபடி முயன்றார்கள். 49க்கு 46, மறுபடி தோல்வி. கருவூல அமைச்சர் ஸ்டீவன் மனூச்சின் செனட் அறைகளுக்கும் வெள்ளை மாளிகைக்கும் நடையாய் நடந்தார். 25ஆம் தேதி விடிவதற்கு வெகுநேரம் முன்பே உடன்பாடு எட்டப்பட்டது. 600 டாலர் ஜூலை முடிய நான்கு மாதங்களுக்கு நிற்கும். சுயதொழில் செய்பவர்களுக்கும் வாடகைக் கார் ஓட்டுபவர்களுக்கும்கூட முதல்முறையாக உதவி உண்டு. எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது மதியம் குடியரசுக் கட்சி செனட்டர்கள் சிலர் பத்திரிகையாளர்கள் முன் வந்து நின்றார்கள்.

லிண்ட்சே கிரகாம், டிம் ஸ்காட், பென் சாஸ் ஆகியோர் கண்டுபிடித்தது ஒரு எளிய கணக்கு. வாரம் 400 டாலர் சம்பாதித்துக்கொண்டிருந்தவருக்கு மாநிலம் பாதியை, அதாவது 200 டாலரைக் கொடுத்தால், அதோடு 600 சேர்ந்து 800 ஆகிவிடும். வேலையிலிருந்ததைவிட வேலையிழந்தபின் அதிகம். இது எழுத்துப் பிழையாகத்தான் இருக்க வேண்டும், திருத்தாவிட்டால் மசோதாவை நிறுத்துவோம் என்றார்கள். நீங்கள் விலகாவிட்டால், பெருநிறுவன நிதிக்குக் கடும் நிபந்தனைகள் விதிக்கும்வரை மசோதாவை நான் நிறுத்துவேன் என்று செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் பதிலுக்கு எச்சரித்தார். ஊரடங்கில் ஒரு மனிதர் வாங்கிக்கொண்டிருந்த சம்பளத்தைவிடச் சற்றுக் கூடுதலாகப் பெற்றுவிடுவாரோ என்ற கவலையில் 2.2 லட்சம் கோடி டாலர் நிவாரணமே அந்தரத்தில் தொங்கியது. அது எழுத்துப் பிழையும் அல்ல. தெரிந்தே எடுத்த முடிவு. குறைவாகக் கொடுத்துப் பலரைப் பட்டினி போடுவதைவிடக் கூடுதலாகக் கொடுத்துச் சிலருக்கு நாலு காசு மிஞ்சுவது மேல் என்று முடிவெடுத்தவர்கள் சரியாகவே முடிவெடுத்தார்கள் என்பேன். சாஸின் திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. 48க்கு 48. திருத்தம் விழுந்தது. நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் மசோதா 96க்கு 0 என்று நிறைவேறியது.

ஒன்பது மணி நேரம் கழித்து, காலை 8.30க்கு ஓர் எண் வெளியானது. அந்த ஒரே வாரத்தில் புதிதாக வேலையின்மை உதவிக்கு விண்ணப்பித்தவர்கள் 32 லட்சத்து 83 ஆயிரம் பேர். அதற்கு முந்தைய உச்சம் 1982இல் பதிவான 6 லட்சத்து 95 ஆயிரம். அடுத்த வாரம் அந்த எண் 66 லட்சத்தைத் தாண்டியது. 27ஆம் தேதி பிரதிநிதிகள் சபையில் கென்டக்கி உறுப்பினர் தாமஸ் மேஸி பெயர்வாரி வாக்கெடுப்பு கேட்டுப் பிடிவாதம் பிடிக்க, ஊரூராகப் பிரிந்து கிடந்த உறுப்பினர்கள் விமானத்திலும் காரிலும் தலைநகருக்கு விரைந்தார்கள். பார்வையாளர் மாடத்திலும் இடைவெளி விட்டு உட்கார்ந்து, சபை நடக்கத் தேவையான எண்ணிக்கையைக் காட்டினார்கள். பெயர்வாரி வாக்கெடுப்பு இல்லாமலே குரல் வாக்கில் மசோதா நிறைவேறியது. அன்றே அதிபர் டிரம்ப் கையெழுத்திட்டார். இனிப் பணம் போய்ச் சேர வேண்டியதுதான். அங்கேதான் அந்தப் பழைய இயந்திரங்கள் காத்திருந்தன.

ஏப்ரல் 4. நியூ ஜெர்சி ஆளுநர் பில் மர்ஃபி தினசரிச் செய்தியாளர் சந்திப்பில் தன்னார்வலர்களை அழைத்தார். மருத்துவர்களையும் செவிலியர்களையும் கேட்டவர், கோபோல் தெரிந்தவர்களும் வேண்டும் என்றார். மாநிலத்தின் கணினி அமைப்புகள் 40 வயதைக் கடந்தவை. ஃபுளோரிடாவிலோ 2013இல் புதிதாகக் கட்டிய இணையதளமே படுத்துவிட்டது. ஹயாலியா நகரில் காகித விண்ணப்பத்துக்காக, தொற்று உச்சத்தில் இருந்த வேளையில், மக்கள் நெருக்கியடித்து வரிசையில் நின்றார்கள். பல மாநிலங்களில் முதல் பணம் கைக்கு வர வாரங்கள் ஆயின. வேலையின்மை அந்த மாதம் 14.7 சதவீதத்தைத் தொட்டது. நெவாடாவில் 28ஐத் தாண்டியது. மாநிலக் கணினிகளிடம் ஒவ்வொருவர் சம்பளத்தையும் பார்த்துக் கணக்கிடச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. ஒரே எண் என்பதால்தான் இந்த அளவுக்காவது பணம் போய்ச் சேர்ந்தது. சேர்ந்த பணம் செய்த வேலை யாரும் எதிர்பாராதது.

சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது, உதவி பெறத் தகுதியானவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோர் பழைய சம்பளத்தைவிடக் கூடுதலாகப் பெற்றது தெரிந்தது. கிரகாமின் கணக்கு சரிதான். ஆனால் அவர் பயந்த விளைவு வரவில்லை. 600 டாலர் நின்றபிறகும் மக்கள் வேலையில் சேரும் வேகம் பெரிதாகக் கூடவில்லை என்று அடுத்தடுத்த ஆய்வுகள் காட்டின. சேர்வதற்கு வேலை இருந்தால்தானே? பெற்ற பணத்தை அவர்கள் செலவழித்தார்கள். கடைகளும் வீட்டுச் சொந்தக்காரர்களும் அதில் பிழைத்தார்கள். நிவாரணங்களையும் சேர்த்துக் கணக்கிடும் வறுமை அளவு, 2019இல் 11.8 சதவீதமாக இருந்தது, பெருந்தொற்று ஆண்டான 2020இல் 9.1 சதவீதமாக இறங்கியது. வேலையின்மை உதவி மட்டுமே 55 லட்சம் பேரை வறுமைக்கோட்டுக்கு மேலே வைத்திருந்தது என்று அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை கண்டது. மோசடியும் நடந்தது, சிறிய அளவில் அல்ல. 2020 ஏப்ரல் முதல் 2023 மே வரை வேலையின்மைத் திட்டங்களில் 10,000 கோடி முதல் 13,500 கோடி டாலர் வரை களவு போயிருக்கலாம் என்பது அரசுத் தணிக்கை அமைப்பின் மதிப்பீடு. ஓட்டைக் கதவுகளின் வழியாகத்தான் திருடர்களும் நுழைந்தார்கள். ஆனால் பெருங்கொடுமை ஒன்று ஜூலையில் காத்திருந்தது.

சட்டப்படி 600 டாலர் ஜூலையோடு முடிந்தாக வேண்டும். தொற்று முடியவில்லை. 2021 ஜனவரி வரை நீட்டிக்கும் மசோதாவைப் பிரதிநிதிகள் சபை மே 15 அன்றே 208க்கு 199 என்று நிறைவேற்றி அனுப்பியிருந்தது. செனட் அதைக் கையில் எடுக்கவே இல்லை. மத்திய வங்கித் தலைவர் ஜெரோம் பவல் கூடுதல் உதவி தேவைப்படும் என்று வெளிப்படையாகச் சொல்லிவந்தார். கடைசி வாரத்தில், ஜூலை 27 அன்று, செனட்டின் குடியரசுக் கட்சியினர் மாற்றுத் திட்டம் ஒன்றை முன்வைத்தார்கள்: முதலில் வாரம் 200 டாலர், பிறகு அக்டோபரிலிருந்து அவரவர் சம்பளத்தில் 70 சதவீதம். மார்ச்சில் எந்த யோசனை கணினியில் முட்டி நின்றதோ, அதுவே வேறு உடையில் திரும்பி வந்தது. மாநில அமைப்புகள் பழைய பதிலையே சொல்லின: இதைச் செய்து முடிக்க 8 முதல் 20 வாரங்கள் ஆகும். பேச்சு முறிந்தது. கோடிக்கணக்கான குடும்பங்களின் வருமானத்தில் வாரம் 600 டாலர் ஒரே நாளில் நின்றது.

அதன்பின் நடந்தது இழுபறி. ஆகஸ்ட் 8 அன்று டிரம்ப் பேரிடர் நிதியிலிருந்து 4,400 கோடி டாலரை எடுத்து வாரம் 300 கொடுக்க ஆணையிட்டார்; அது சில வாரங்களில் தீர்ந்தது. இலையுதிர் காலம் முழுக்க ஒன்றும் வரவில்லை. டிசம்பர் 27இல்தான் அடுத்த சட்டம், மறுபடி 300. 2021 மார்ச்சில் புதிய அதிபர் பைடனின் நிவாரண மசோதாவில் இருந்த 400ஐ மேற்கு வர்ஜீனியா செனட்டர் ஜோ மான்சின் ஏற்காததால் செனட்டில் ஒரு வாக்கெடுப்பு ஏறக்குறைய 12 மணி நேரம் திறந்தே கிடந்தது. முடிவில் 300ஆக இறங்கி, 2021 செப்டம்பர் 6 அன்று எல்லாம் நின்றது. 25, 600, 300 என்று எண்கள் மாறினாலும் ஒன்று மட்டும் கடைசிவரை மாறவில்லை: எல்லோருக்கும் ஒரே எண். வேறெதையும் கூட்ட அந்த இயந்திரங்களுக்குத் தெரியவில்லை.

அந்த இயந்திரங்களையும் அவற்றைச் சுற்றியுள்ள திட்டத்தையும் சீரமைக்க 2021 மார்ச் சட்டத்தில் 200 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. 2023 ஜூனில் கடன் உச்சவரம்பு உடன்பாட்டில் அதிலிருந்து 100 கோடி டாலரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.